என் மனைவிக்குப் பணம் அனுப்பும் ஆள்

எனக்குப் பொறாமைக் குணம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஆளாளுக்கு ஒன்று பேசக் கூடாது. எங்கள் தெருவிலேயே இன்னொருத்தன் வாஷிங்மெஷின் ரிப்பேர் கடை திறந்தபோது, அவனுடைய பெயர்ப்பலகையை மாட்டுவதற்கு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அப்படிப்பட்டவனுக்கே, கட்டிய மனைவிக்கு மாதம் தவறாமல் வேறொருத்தன் பணம் அனுப்பினால் வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

அந்த வேறொருத்தன் அரசாங்கம்தான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டில் நடந்தால் தெரியும்.

என் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர்கள் கிறுக்கித் தள்ளுவதை எல்லாம் தண்ணீர் பட்ட பாடாகப் படிப்பாள். ஆனால் பள்ளிக்கூடத்தோடு நின்றவள். ஒருநாள் அந்தக் கடையின் கண்ணாடிக் கதவில் யாரோ ஒரு நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பள்ளியோடு படிப்பை விட்ட பெண்கள் மறுபடி கல்லூரியில் சேரலாம், வருமானம் குறைந்த குடும்பமாக இருந்தால் கட்டணத்தை அரசே கட்டும், மாதாமாதம் கைச்செலவுக்கும் உதவித்தொகை வரும் என்று அதில் இருந்ததாம். அன்று சாயங்காலம் என் கடைக்கு வந்து நின்றாள். என் கடை, நாங்கள் குடியிருக்கிற கட்டிடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். நான் ஒரு மெஷினைக் குப்புறக் கவிழ்த்து டிரம்மைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, நான் காலேஜ்ல சேரலாம்னு இருக்கேன்."

"எதுக்கு, கேன்டீன்லயா?" என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "லேப் டெக்னீஷியன் படிப்பு. ரத்தம் எடுக்கிறது, டெஸ்ட் பண்றது எல்லாம் சொல்லிக் குடுப்பாங்க. மூணு வருஷம். பீஸ் பூரா கவர்மெண்டே கட்டிடும்."

"இந்த வயசுலயா? நீ உள்ள போனா டீச்சர்னு நெனச்சு பசங்க எல்லாம் எழுந்து நிப்பாங்க."

"நிக்கட்டும், நல்லதுதானே," என்றாள். பிறகு பேச்சுக் கொடுத்துப் பார்த்ததில்தான் விஷயம் வெளியே வந்தது. அவள் என்னைக் கேட்க வரவில்லை. விண்ணப்பமெல்லாம் போட்டு முடித்துவிட்டு, தகவல் சொல்ல வந்திருக்கிறாள்.

எனக்கு அங்கேதான் சுருக்கென்றது. நான் என்ன, படிக்க வைக்க மாட்டேன் என்றா சொன்னேன்? என்னிடம் கேட்டிருந்தால் நானே கட்டியிருப்பேன். சரி, கேட்டிருந்தாலும் என்னிடம் அவ்வளவு இருந்திருக்காது. அது வேறு விஷயம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா?

சேர்ந்துவிட்டாள். மாதம் பிறந்தால் அவள் போன் 'டிங்' என்று ஒரு சத்தம் போடும். "வந்துடுச்சு!" என்பாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் வாரம் முழுக்க ஊராரின் அழுக்குத் தண்ணீரில் கையை விட்டுச் சம்பாதித்ததைக் கொண்டுவந்து கொடுப்பேன், "அந்த டப்பாவுல வைங்க" என்பாள் திரும்பிக்கூடப் பார்க்காமல். முகம் தெரியாத ஒருத்தன் அனுப்பினால் மட்டும் வாயெல்லாம் பல். எனக்கு எப்படி இருக்கும்?

முதல் மாதம் வந்த பணத்தில் எனக்கு ஒரு சட்டை எடுத்து வந்தாள். நீலத்தில் கட்டம் போட்டது, நல்ல சட்டைதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் போட்டுக்கொண்டு போனால் நாலு பேர் கேட்பார்களே, யார் எடுத்துக் கொடுத்தது என்று. அரசாங்கம் என்றா சொல்வது? மடித்து பீரோவில் வைத்துவிட்டேன். "போடலையா?" என்று இரண்டொரு தரம் கேட்டாள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

வீட்டில் இருப்பது ஒரே மேஜை. அதில் ஒரு பக்கம் ஏழாம் வகுப்பு படிக்கிற எங்கள் பாப்பா, எதிர்ப்பக்கம் அவள் அம்மா. இரண்டு பேரும் பென்சிலைக் கடித்துக்கொண்டு, ஒருத்தி பாடத்தை இன்னொருத்தி ஒப்பித்து, நடுநடுவே குசுகுசுவென்று சிரிப்பு வேறு. நான் கட்டிலில் உட்கார்ந்து மடியில் தட்டை வைத்துச் சாப்பிடுவேன். வாயைத் திறந்தால் போதும், "அப்பா, ஷ்ஷ்! அம்மாவுக்கு நாளைக்கு டெஸ்ட்" என்பாள் நான் பெற்ற மகள். என் வீட்டில் நான் தொண்டையைச் செருமக்கூட இடமில்லாமல் போனது.

ஆனது ஆகட்டும் என்று இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். இரண்டாம் வருஷம்தான் நரம்பு விஷயம் வந்தது.

ஊசி குத்தி ரத்தம் எடுக்கப் பழக வேண்டுமாம். ஒரு ரப்பர் பட்டையைக் கொண்டுவந்து என் கையில் கட்டி, முழங்கை மடிப்பில் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தாள். "உங்களுக்கு நரம்பே தெரிய மாட்டேங்குது. கிரீஸ் ஏறிப் போய் தோல் தடிச்சுடுச்சு," என்றாள். சரி, அதோடு விட்டாளா? "எங்க கிளாஸ்ல ஒருத்தன் இருக்கான். அவன் கையில நரம்பு என்னமா தெரியுது தெரியுமா? பட்டையே கட்ட வேணாம். பார்த்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு!"

பார்த்துக்கொண்டே இருக்கலாமாம். நான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். "ஒரே ஒரு தடவை குத்திக்கிறேங்க, வலிக்காது" என்று கெஞ்சினாள். முடியாது என்றுவிட்டேன். "ஊசின்னா பயமா?" என்று சிரித்தாள். அதற்கப்புறம் அவள் என் கையைக் கேட்கவில்லை. கல்லூரியிலேயே பழகிக்கொண்டாள், யாருடைய கையில் என்று நான் கேட்க வேண்டுமா என்ன? அந்தப் பயலுக்கு நானே மனசுக்குள் நரம்பழகன் என்று பெயர் வைத்துவிட்டேன். டிரம்மைத் திறந்தால் அவன், மூடினால் அவன். சாயங்காலம் அவள் தோளில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு கடை வாசல் வழியாகப் படியேறிப் போகும்போது, வேண்டுமென்றே மெஷினுக்குள் தலையை விட்டுக்கொள்வேன்.

இந்த அழகில் பக்கத்துக் கடைக்காரர் வேறு. எனக்கு பேரிங்கும் பெல்ட்டும் விற்கிறவர், மிச்ச நேரத்தில் வாயை விற்கிறவர். "என்ன மெக்கானிக்கே, வீட்டம்மா பையை மாட்டிக்கிட்டு துள்ளிக் குதிச்சு போறாங்க? அசல் காலேஜ் பொண்ணாட்டமே இருக்காங்கய்யா. நீ பக்கத்துல நின்னா அப்பாவான்னு கேப்பாங்க, பார்த்துக்கோ!" என்பார். நானும் ஹி ஹி என்று சிரித்துவைப்பேன். உள்ளே பற்றிக்கொண்டு எரியும்.

மூன்றாம் வருஷம் தொடங்குவதற்கு முன்னால் ஒருநாள் காலையில், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "மத்தியானம் என்கூடப் படிக்கிறவன் ஒருத்தன் வருவான். நோட்டு குடுப்பான், வாங்கி வைங்க."

"யாரு?"

"அதான், கையில நரம்பு நல்லா தெரியும்னு சொன்னேனே, அவன்தான்."

போய்விட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடையைப் பெருக்கினேன். தலையைச் சீவினேன். பழைய மோட்டார்களைப் பெரிய கடை மாதிரி தெரியட்டும் என்று வாசலில் வரிசையாக அடுக்கினேன். பெல்ட்டை மாட்டாமலே ஒரு மெஷினை மூடிவிட்டு, ஓடவில்லையே என்று மோட்டாரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் ஒரு பைக் வந்து நின்றது. தேய்த்த சட்டை. கழுத்தில் நாடா, அதன் முனையில் அடையாள அட்டை சட்டைப்பைக்குள். கல்லூரிப் பசங்கள் எல்லாரும் அப்படித்தானே திரிகிறார்கள். வயது இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டிருந்தான். அந்தக் கையில் நரம்பு கயிறு கயிறாக ஓடியது. வந்துட்டியாடா என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவியின் பெயரைச் சொல்லி, "அவங்க வீடு இதுதானே?" என்றான்.

"இதுதான். நான் அவ புருஷன்." புருஷன் என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு. உங்ககிட்டயும் பேசணும்னுதான் நெனச்சேன். அவங்க படிப்பு விஷயமா..." என்று தயங்கி, கடையைச் சுற்றிப் பார்த்தான். "வீட்ல ரொம்ப கஷ்டம்னு சொல்லியிருந்தாங்க."

எனக்குத் தலைக்கேறியது. என் வீட்டுக் கஷ்டத்தை இவனிடம் சொல்லியிருக்கிறாள்! நரம்பைப் பார்த்து மயங்கியது போதாதென்று குடும்பக் கதையெல்லாம் கொட்டியிருக்கிறாள்!

"கஷ்டமா? யாருக்குக் கஷ்டம்?" என்றேன். "இதைப் பார்த்து எடை போடாதீங்க தம்பி. இது சும்மா, பொழுது போக வெச்சிருக்கேன். மெயின் ரோட்டுல பெரிய கடை இருக்கு."

"ஓ, இன்னொரு கடை இருக்கா? மேல இருக்கிற வீடு வாடகைதானே?"

"யாரு சொன்னது? சொந்தம். இந்த பில்டிங்லயே பாதி என்னுது."

"வேலைக்கு ஆளுங்க?"

"ஆறேழு பேர் இருக்காங்க. இப்ப எல்லாரும் வெளிவேலைக்குப் போயிருக்காங்க."

"மாசம் எவ்வளவு வரும்னு சொல்லலாமா?"

இதெல்லாம் இவனுக்கு எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேட்கக் கேட்க உற்சாகம்தான் ஏறியது. என் வாழ்நாளில் ஒன்றாகப் பார்த்திராத ஒரு தொகையைச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே பெருமையாக இருந்தது.

"அப்போ இந்த உதவித்தொகை..." என்று இழுத்தான்.

"அவளுக்கு எவன் உதவியும் வேண்டாம்! வீட்ல சும்மா இருக்கப் பிடிக்காம படிக்கிறா. நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது வேற எவனும் அவளுக்கு ஒண்ணும் செய்யத் தேவையில்ல. புரியுதா?"

"புரியுதுங்க," என்றான். கையிலிருந்த டேப்லெட்டில் விரலால் என்னவோ தட்டினான். என் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் குனிந்துகொண்டான் என்று நினைத்தேன். நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் பேரிங் கடைக்காரருக்கும் சேர்த்து டீ சொன்னேன். அவ்வளவு சந்தோஷம்.

டீயை வாயில் வைக்கும்போது ஒரு சைக்கிள் வந்தது. ஊதினால் விழுந்துவிடுகிற மாதிரி ஒரு பையன் இறங்கினான். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

"அண்ணே, அக்கா இந்த நோட்டைக் கேட்டிருந்தாங்க."

"நீ யாருப்பா?"

"அக்காகூடத்தான் படிக்கிறேன்." நோட்டை நீட்டினான். நான் அந்தக் கையைப் பார்த்தேன். எலும்பின் மேல் தோல் இருந்தது, நடுவில் சதை என்று ஒன்று இருந்தால்தானே நரம்பு ஒளிந்துகொள்ள. பச்சையாக எல்லாம் வெளியே தெரிந்தது. "நீங்க மெஷின் சத்தத்தை வெச்சே என்ன கோளாறுன்னு சொல்லிடுவீங்களாமே அண்ணே? அக்கா எப்ப பார்த்தாலும் உங்களைப் பத்தித்தான் பேசுவாங்க."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். "அப்ப... இப்ப ஒருத்தர் பைக்ல வந்தாரே?"

"ஸ்காலர்ஷிப் ஆபீஸ்லேர்ந்து வந்திருப்பாங்கண்ணே. எனக்கும் வேற ஒரு ஸ்காலர்ஷிப் வருது, காலையில எங்க வீட்டுக்கும் வந்தாங்க. கடைசி வருஷத்துக்குப் பணம் விடறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்து விசாரிப்பாங்கன்னு அக்கா சொல்லலையா?"

சொல்லியிருப்பாள். அவள் அந்த வாரம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தபோது நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

அவளிடம் நடந்ததைச் சொன்னேனா? இல்லை. எந்த வாயால் சொல்வது? ஒன்றும் ஆகாது, ஒரு கிறுக்கன் உளறியதை எந்த ஆபீசில் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அந்த மாதமும் 'டிங்' என்று சத்தம் வந்தது. அவள் "வந்துடுச்சு" என்று சொல்லவில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"குடும்ப வருமானம் வரம்புக்கு மேல இருக்காம். நிறுத்திட்டாங்களாம்," என்றாள். அழுகிற மாதிரி இல்லை, ஆச்சரியப்படுகிற மாதிரிதான் இருந்தது. "வேற யாரோ பணக்காரங்க விவரத்தை என் பேர்ல ஏத்தித் தொலைச்சிருக்காங்க. கடைசி வருஷம் ஆஸ்பத்திரி பயிற்சிக்கு இந்த மாசமே பீஸ் கட்டணுங்க. கட்டலைன்னா ரெண்டு வருஷம் படிச்சதும் போச்சு. நாளைக்கு நீங்களும் வாங்க. உங்க கையைப் பார்த்தாலே நம்பிடுவாங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். போனேன், வாயை மூடிக்கொண்டு.

அந்த ஆபீஸ் ஒரு நீளமான கூடம். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், உட்கார்ந்திருக்கிற எல்லாருடைய மடியிலும் ஒரு பை. எங்கள் முறை வந்து உள்ளே போனால், கணினிக்குப் பின்னால் அதே ஆள், அதே மடித்துவிட்ட கை. என்னைப் பார்த்ததும் வணக்கம் சொன்னார். என் மனைவி நடந்ததை விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு வாசித்தார். "மெயின் ரோட்டில் பெரிய கடை. கட்டிடத்தில் பாதி சொந்தம். வேலையாட்கள் ஆறேழு பேர்."

அவள் சிரித்துவிட்டாள். "சார், பாருங்க, நான் சொன்னேன்ல? இது வேற யாரோடதோ சார்!"

"உங்க கணவர் சொன்னதுதாங்க."

அவள் என் பக்கம் திரும்பினாள். சிரிப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. "நீங்களா சொன்னீங்க?"

"இவரை... வேற யாரோன்னு நெனச்சுட்டேன்."

"யாருன்னு?"

அந்த அறையில் வைத்து எப்படிச் சொல்வேன்? ஆனால் அவள் விடுகிற மாதிரி இல்லை. "உன்கூடப் படிக்கிறவன்னு," என்றேன். "அந்த நரம்புக்காரன்னு."

அந்த ஆள் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தார். அவள் முகம் கறுத்துப்போய்விட்டது. "அந்தச் சின்னப் பையனையா?" என்று மட்டும் கேட்டாள்.

நான் அவரிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். "நான் சொன்னது அத்தனையும் பொய் சார். இருக்கிறது ஒரே கடை, நீங்க பார்த்தீங்களே, அந்தப் பொந்துதான். வீடு வாடகை. ஆளு அம்பு ஒண்ணும் கிடையாது, நான் ஒருத்தன்தான். இவளைப் படிக்க வைக்க என்னால முடியாது சார்." கல்யாணமானதிலிருந்து அந்தக் கடைசி வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை, அவளிடம்கூட.

"நிறுத்தினதுக்கு அப்புறம் எல்லாரும் இதைத்தாங்க சொல்றாங்க," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். "மறுவிசாரணைக்கு எழுதிக் குடுங்க. ஆனா அது முடியறதுக்குள்ள இந்த மாசம் போயிடும். அடுத்த வருஷம் புதுசா கேக்கணும். அப்போ இடம் இருக்குமான்னு என்னால சொல்ல முடியாது."

"வேற வழியே இல்லையா சார்?" என்றாள்.

அவர் கதவைப் பார்த்துக்கொண்டார். "நான் சொல்லிக் குடுத்ததா வெச்சுக்காதீங்க. விதி என்னன்னு மட்டும் சொல்றேன். கணவரைப் பிரிஞ்சு தனியா இருக்கிறவங்களுக்கு அவங்க சொந்த வருமானம் மட்டும்தான் பார்ப்போம். ரெண்டு பேரும் வந்து என் முன்னாடி வாய்விட்டுச் சொல்லணும். சொன்னா உடனே பணத்தை விட்டுடலாம்."

"உடனேன்னா, எத்தனை நாள்ல சார்?"

அவர் அப்படிச் சொன்னதுகூட எனக்கு உறைக்கவில்லை. இவள் இப்படிக் கேட்டதுதான் நெஞ்சில் குத்தியது. ஒரு பேச்சுக்காவது 'ஐயோ அதெல்லாம் வேண்டாம்' என்று சொல்லிவிட்டு அப்புறம் கேட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்தும் அவள் கத்தவில்லை. தட்டைத் தூக்கி அடித்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பாப்பா மொட்டை மாடிக்கு விளையாடப் போனபின், மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கேட்டாள். "எம்மேல சந்தேகமா?"

"சந்தேகமெல்லாம் இல்ல," என்றேன். "எனக்குத் தாங்கல, அவ்வளவுதான். உனக்குப் பணம் வருது, பை வருது, சிரிப்பு வருது. நீ மேல மேல போய்ட்டே இருக்க. நான் மாடிப்படிக்குக் கீழயே கிடக்குறேன். வயிறு எரியுது எனக்கு. போதுமா?"

"ம்," என்றாள். அது போதும் என்பதற்கா, கேட்டுவிட்டேன் என்பதற்கா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் மேஜையில் நகத்தால் கீறிக்கொண்டிருந்துவிட்டு, "அந்த ஆள் சொன்ன மாதிரி சொல்லிடலாமா?" என்றாள்.

"பேச்சுக்குத்தானே?"

"பின்ன?"

அந்தப் 'பின்ன'வைப் பிடித்துக்கொண்டு நான் சரி என்றேன். யாராவது அக்கம்பக்கத்தில் விசாரித்தால் தெரிந்துவிடும் என்று அன்றைக்கே பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு கடைக்கு இறங்கிவிட்டேன். பேரிங் கடைக்காரர் பார்த்துவிட்டு என்னய்யா என்றார். வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள் என்றேன். அம்மா படிக்க இடம் வேண்டும் என்று பாப்பாவிடம் சொல்லிவைத்தோம், அவள்தான் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தாள். "பரீட்சை வரைக்கும்தானேப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மறுபடி ஆபீசுக்குக் கிளம்பிய அன்று பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் இருக்கையாகப் பார்த்துப் பிடித்தேன். அவள் ஜன்னல் ஓரம், நான் பக்கத்தில். ரொம்ப நாளைக்குப் பிறகு அவ்வளவு நெருக்கத்தில் உட்கார்ந்தோம். போகிற வழியெல்லாம் ஒத்திகை, நான் கேட்க, அவள் சொல்ல.

"எப்போலேர்ந்து தனியா இருக்கீங்கன்னு கேட்டா?"

"போன... போன மாசத்துலேர்ந்து."

"தடுமாறாம சொல்லு. ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லணும். ஏன்னு கேட்டா?"

"சண்டை."

"என்ன சண்டை?"

"நீங்க ரொம்பப் பெரிய பணக்காரர்னு சண்டை," என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். முன்சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார். ஆனால் பொய் மட்டும் அவளுக்கு வரவே இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டேன், திரும்பத் திரும்ப அந்தப் 'போன மாசத்'தில் வந்து திக்கினாள். "நீ பேசாம இரு, நான் பார்த்துக்கிறேன்," என்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவளுக்காக நானும் ஒரு காரியம் செய்யப்போகிறேன், அரசாங்கத்தையே ஏமாற்றி அவன் பணத்தை அவளுக்கு வாங்கிக் கொடுக்கப்போகிறவன் நான்தான். அன்று எனக்கு யார்மேலும் பொறாமை இல்லை.

உள்ளே போனோம். அந்த ஆள் எங்களை உட்காரச் சொன்னார், கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து வாழறீங்களா?" என்று என்னைத்தான் முதலில் கேட்டார்.

"இல்லைங்க," என்றேன். நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது.

"எப்போலேர்ந்து?"

போன மாசத்திலிருந்து என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சொன்னாள்.

"நான் காலேஜ்ல சேர்ந்த நாள்லேர்ந்து சார்."

தடுமாறவே இல்லை. நான் அவளைப் பார்த்தேன், ஒத்திகையை மறந்துவிட்டாளோ என்று. அவள் அந்த ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மருந்துக் கடையில் சீட்டைப் படித்துச் சொல்வாளே, அதே குரலில் சொல்லியிருந்தாள்.

அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அவங்க சொல்றது சரிதானே?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"சரிதான் சார்," என்றேன்.